கரி காக்குமா?

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரியின் உச்சிக்கு ஏறியவர்களுக்கு அந்த இடம் மறந்திராது. சிகரத்துக்குச் சற்றுக் கீழே பாறை பிளந்து ஆழமான பள்ளம் ஒன்று கிடக்கிறது. அதன்மேல் ஒரு சிறு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் பகைவன் மேலே வர முடியாது. ஆனால் பகைவன் தாண்டிவிட்ட பிறகு பாலத்தை எடுத்து என்ன பிரயோஜனம்? விஷத்துக்குக் கரி கொடுக்கும் வைத்தியமும் ஏறக்குறைய இத்தகையதே.

நம்மிடம் படிக்கும் மாணவன் ஒருவனுடைய மூன்று வயதுத் தங்கை, புட்டியில் இருந்த மண்ணெண்ணெயைத் தண்ணீர் என்று எண்ணிக் குடித்துவிட்டாள். பாட்டி பதறிப்போய் அடுப்புக் கரியைப் பொடித்து நீரில் கலக்கினாள். உப்பைக் கரைத்துப் புகட்டி வாந்தியெடுக்கச் செய்யவும் முனைந்தாள். நல்ல வேளையாக அடுத்த வீட்டு நர்ஸ் அம்மாள் ஓடிவந்து இரண்டையும் தடுத்து, குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். குழந்தை பிழைத்தாள்.

மறுநாள் பையன் நம்மிடம் கேட்டான்: "ஐயா, ஆஸ்பத்திரியிலும் கரிதானே கொடுக்கிறார்கள்? பாட்டி செய்ததில் என்ன தவறு?"

நியாயமான கேள்வி. அடுப்புக் கரி வேறு. வைத்தியர் கையாளும் 'ஆக்டிவேட்டட் சார்க்கோல்' வேறு. கொட்டாங்கச்சி, மரம் முதலியவற்றைக் கரியாக்கி, கடும் வெப்பத்தில் நீராவியைச் செலுத்தி, அதனுள் எண்ணற்ற நுண்துளைகளை உண்டாக்குகிறார்கள். அத்தகைய கரி 1 கிராமின் உட்பரப்பு சுமார் 1000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 25 சென்ட் நிலம்! இரைப்பையிலும் குடலிலும் உள்ள விஷம் அப்பரப்பில் ஒட்டிக்கொண்டு, ரத்தத்தில் கலக்காமல் மலத்தோடு வெளியேறுகிறது. 1831-ல் பிரெஞ்சு மருந்தாளர் துவேரி, எட்டிக் கொட்டையின் நஞ்சாகிய ஸ்ட்ரிக்னைனைக் கரியுடன் உண்டு, வைத்தியக் கழகத்தார் முன்னிலையில் உயிரோடு நின்றார். அந்தத் துணிச்சலை யாரும் பின்பற்ற வேண்டாம்.

கரிக்கும் எல்லை உண்டு. இலங்கையில் நடந்து 2003-ல் வெளியான ஆராய்ச்சியில், பொன்னரளி விஷம் ஏறிய 401 பேரில், பல முறை கரி பெற்றவர்களில் 100-க்கு 2.5 பேரும், ஒரே முறையோடு நின்றவர்களில் 8 பேரும் இறந்தனர். ஆனால் பலவித விஷங்களுக்கு ஆளான 4,600-க்கு மேற்பட்டவர்களிடம் நடத்தி 2008-ல் வெளியான சோதனையில், பல முறை கரி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. அவர்களில் பலர் மணிக்கணக்கில் தாமதித்தே ஆஸ்பத்திரி சேர்ந்தவர்கள்.

ஆகவே வைத்தியர் மூன்றைக் கவனிக்கிறார். முதலாவது காலம்: உட்கொண்ட ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பெரும்பாலும் முழுப்பயன். இரண்டாவது விஷம்: மதுசாரம், இரும்புச் சத்து மாத்திரை, லித்தியம் ஆகியவற்றைக் கரி சரிவரப் பற்றாது. அமிலமும் காரமும் உணவுக் குழலைப் புண்ணாக்கியிருக்கும். கரி அந்தப் புண்ணை மறைத்துவிடும். மண்ணெண்ணெயோ, வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் புகுந்து விபரீதம் விளைவிக்கும். மூன்றாவது ஆள்: மயக்கத்தில் இருப்பவர் வாயில் கரிநீரைப் புகட்டினால் அது மூச்சுக் குழலில் இறங்கிவிடும்.

வயிற்று உப்புசத்துக்கென்று கரி மாத்திரையைத் தாமாகவே வாங்கி விழுங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கரிக்கு நண்பன், பகைவன் என்ற பேதம் தெரியாது. வலிப்பு, இருதய நோய், நீரிழிவு முதலியவற்றுக்குச் சாப்பிடும் மருந்தையும், கர்ப்பத்தடை மாத்திரையையும் அது பற்றிக்கொண்டு வீணாக்கிவிடக் கூடும். மலம் கறுக்கும், அதனால் குடலில் ரத்தம் கசிந்தாலும் தெரியாமல் போகலாம். மலச்சிக்கல் வரும், குடலடைப்பு உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. வைத்தியரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

அந்தப் பாட்டியின் அன்பில் குறையே இல்லை. தெரியாததுதான் ஒரு குறை. அதைத் தீர்ப்பது படித்தவர்களாகிய நம் கடமை. விஷம் உள்ளே போனதாகச் சந்தேகம் வந்தால் கரி, உப்பு நீர், வாந்தி என்று எதிலும் காலத்தைப் போக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். புட்டியையோ அட்டையையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். எப்பொழுது, எவ்வளவு என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, தண்ணீர்ப் புட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கும் வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். பகைவனைப் பாலத்தருகில் வரவிடாமலே இருப்பதல்லவா கெட்டிக்காரத்தனம்?