130 மூலிகைகள், 2 அல்லது 3 பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியம்: ஷார்ட்ரூஸ் மதுவுக்கு ஏன் தட்டுப்பாடு?

ஒரு பொருளுக்கு உலகம் முழுக்க டிமாண்ட் எகிறினால் கம்பெனி என்ன செய்யும்? உற்பத்தியைக் கூட்டும். ஆனால் பிரான்ஸில் ஒரு மூலிகை மதுவைத் தயாரிப்பவர்கள், 'இதுக்கு மேல முடியாது' என்று சொல்லிவிட்டார்கள். காரணம், அவர்கள் துறவிகள்.

அந்த மதுதான் ஷார்ட்ரூஸ். ஐரோப்பாவில் விருந்து முடிந்ததும் சின்ன கிளாஸில் குடிக்கும் 'டைஜெஸ்டிஃப்' வகை. பச்சை ஷார்ட்ரூஸில் ஆல்கஹால் 55 சதவீதம். ஜீரணத்துக்கு நல்லது என்பது அங்குள்ள நம்பிக்கை. உண்மையில் ஆல்கஹால் வயிற்றில் இருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது என்கின்றன ஆய்வுகள்.

ஆரம்பத்தில் இது மருந்து. 1605ல் பாரிஸ் அருகே இருந்த கார்த்தூசியன் மடத்துக்கு, நீண்ட ஆயுள் தரும் மருந்துக் குறிப்பு என்று ஒரு கையெழுத்துப் பிரதி கிடைத்தது. படித்துப் புரிந்து, மருந்தாகச் செய்ய 1737 வரை ஆனது! 1764ல் பச்சை மது வந்தது. மொத்தம் 130 மூலிகைகள். முழு செய்முறை ஒரே நேரத்தில் 2 அல்லது 3 துறவிகளுக்கு மட்டுமே தெரியும்.

இந்த ரகசியம்தான் அவர்களைக் காப்பாற்றியதும். 1903ல் பிரெஞ்சு அரசு துறவிகளை வெளியேற்றி, பிராண்டையும் விற்றுவிட்டது. துறவிகள் ஸ்பெயினின் தாரகோனாவுக்குப் போய் அதே மதுவைத் தயாரித்தார்கள். பிராண்டை வாங்கிய கம்பெனியிடம் பெயர் இருந்தது, செய்முறை இல்லை. 1929ல் திவால். பங்குகளை மலிவாக வாங்கிய உள்ளூர் நண்பர்கள், அவற்றைத் துறவிகளிடமே கொடுத்துவிட்டார்கள்.

இப்போதைய சிக்கல் காக்டெயிலால் வந்தது. பார்களில் ஷார்ட்ரூஸ் மவுசு கூடிக்கொண்டே போக, 2019ல் துறவிகள் உற்பத்தியைக் கூட்டுவதில்லை என முடிவெடுத்தார்கள். ஆண்டுக்கு சுமார் 16 லட்சம் பாட்டில், அவ்வளவுதான். மௌனமும் தனிமையும்தான் கார்த்தூசியன் வாழ்க்கை. மது விற்பது மடத்தின் செலவுக்கு. வியாபாரத்துக்காகப் பிரார்த்தனை நேரத்தைக் குறைக்க மாட்டோம், சுற்றுச்சூழலையும் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் தரப்பு.

2023ல் விஷயம் வெளியே வந்ததும் பார் உரிமையாளர்கள் தவித்துப்போனார்கள். அமெரிக்காவில் சில கடைகளில், ஆளுக்கு ஒரு பாட்டில்தான் என்று ரேஷனே போட்டுவிட்டார்கள்.