முத்தைத் துளைக்கும் கலை

மன்னார்க் கடலில் விளைந்த முத்தின் புகழை அறியாதார் இலர். ஆயினும், சிப்பியிலிருந்து எடுத்த முத்து அப்படியே மாலையாகிவிடுவதில்லை. கடலின் வேலை முடிந்த இடத்திலேதான் கைவினைஞரின் வேலை தொடங்குகின்றது.

முற்காலத்தில் சலாபம் நடைபெறும்போதெல்லாம், அரிப்பு, சிலாவத்துறை முதலிய கரையோர ஊர்களை அடுத்து ஓலைக் கொட்டில்கள் எழும்பி, ஒரு நகரமே தோன்றும். குளியாட்களும் வணிகரும் மட்டுமன்றி, முத்தைத் தரம் பிரிப்போரும் துளையிடுவோரும் அங்கே வந்து கூடுவர்.

முதலில் முத்துகளை அளவின்படி பிரிப்பர். இதற்குத் துளையிட்ட பித்தளைத் தட்டுகள் பத்து இருந்தன. முதல் தட்டில் 20 துளைகள், அடுத்ததில் 30, இவ்வாறே பெருகிப் பத்தாவது தட்டில் 1,000 துளைகள். துளைகளின் தொகை பெருகப் பெருக, அவற்றின் அளவு சிறுகும். எந்தத் தட்டில் முத்து தங்குகின்றதோ, அதுவே அதன் வகுப்பாகும்.

பின்னர்த் துளையிடுதல். கொழும்பில் சமயகுருவாக இருந்த ஜேம்ஸ் கோர்டினர், 1807இல் வெளியிட்ட தமது நூலில் இம்முறையை விவரித்துள்ளார். மூன்று கால்களின்மேல் நிற்கும் ஒரு மரக்கட்டை. அதன் மேற்பரப்பிலே சிறு குழிகள். குழியில் முத்தை அசையாமல் பதிப்பர். நாணற் குழலில் பொருத்திய ஊசியை முத்தின்மேல் நிறுத்தி, குழலின் மறுமுனையை ஒரு சிரட்டைத் துண்டில் ஏந்தி, அச்சிரட்டையை நெற்றியால் அழுத்துவர். மூங்கில் வில்லை இழுக்க ஊசி சுழலும். முழங்கால்மேல் மற்றொரு சிரட்டையில் நீர் இருக்கும். வேலை தடைப்படாமலே சிறுவிரலை நீரில் தோய்த்து, ஊசியை நனைத்துக்கொண்டேயிருப்பர். இரண்டு மூன்று நிமிடங்களில் ஒரு முத்து துளைபட்டுவிடும்.

நீர் எதற்கு? முத்து, வெங்காயத்தின் தோல்போலச் சுண்ணப் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உருவானது. சூடேறினால் அதன் ஒளி கெடும். ஊசி சாய்ந்தால் துளையின் வாயிலே படலம் பெயர்ந்துவிடும். ஆகவே தேர்ந்த கைவினைஞர், முத்தை உருட்டி உருட்டிப் பார்த்து, மறு உள்ள இடத்திலேயே துளையை அமைப்பார். குறையும் மறையும், முத்தும் சிறக்கும்.

வெள்ளியிலே வண்ணக் கண்ணாடித் தூளை உருக்கிப் பதிக்கும் சீனத்துத் தட்டார், வண்ணம் குறைந்தால் மீண்டும் தூளை நிரப்பி உலையில் இடலாம். முத்துக்கோ அந்த வாய்ப்பில்லை. தவறிய துளையை எவராலும் அடைத்துப் பழைய நிலைக்குக் கொணர முடியாது. ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்திற்கு ஈடான பெருமுத்தும், அந்த இரண்டு மூன்று நிமிடங்கள் ஒரு கையின் நிதானத்தையே நம்பியிருந்தது.

1905இல் மன்னார்ப் பார்களிலிருந்து 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. 1907க்குப் பின் அத்தகைய பெருஞ்சலாபம் நிகழவில்லை. இன்று வளர்ப்பு முத்துகளை இயந்திர ஊசிகள் நொடிப்பொழுதில் துளைக்கின்றன. எனினும், பாட்டியின் பழைய முத்துமாலை ஒன்று வீட்டிலிருந்தால், அதன் துளைகளைச் சற்றே உற்று நோக்குதல் நன்று. அணிந்தவரின் பெயரை வீட்டார் அறிவர். துளைத்தவரின் பெயரை அறிவார் எவருமில்லை.