ஆளற்ற வீட்டின் இரவுக்கண்

நீலகிரியில் ஓய்வில்லம் வைத்திருப்போர் பலர் கோவையிலும் சென்னையிலும் பெங்களூரிலும் வாழ்பவர்கள். கோடையில் சில வாரங்கள், பண்டிகை விடுமுறையில் சில நாள்கள் வந்து தங்குவார்கள்; எஞ்சிய காலமெல்லாம் வீடு பூட்டிக் கிடக்கும். குன்னூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்திலும், உதகை 2,240 மீட்டர் உயரத்திலும் உள்ளன. மழைக்காலத்தில் முகில் தரையிறங்கி வீட்டைச் சூழும். மார்கழி, தை இரவுகளில் புல்வெளி உறைபனியால் வெளுக்கும். காட்டெருமை தேயிலைத் தோட்டத்தைக் கடந்து முற்றம்வரை வரும். கோத்தகிரிப் பக்கத்தில் கரடி கதவை உடைத்து உள்ளே நுழைந்து உணவு தேடுவதும் உண்டு.

இத்தகைய வீட்டின் வெளிச்சுவருக்குக் கண்காணிப்புக் கேமரா தேர்ந்தெடுப்பது நகரத்து வீட்டுக்குத் தேர்ந்தெடுப்பதினும் கடினமான செயல். நகரத்தில் வில்லையில் தூசு படிந்தால் துடைக்க ஆள் உண்டு; இணைப்பு அறுந்தால் மீண்டும் இயக்க ஆள் உண்டு. மலைவீட்டிலோ வீட்டார் இறங்கிப் போன பின்னரே கருவியின் வேலை தொடங்குகிறது. ஆகவே அதன் தகுதியை ஆண்டின் மிகக் கொடிய இரவை வைத்தே அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மழையும் முகிலும் மின்தடையும் காரிருளும் ஒன்றுகூடும் இரவு அது.

கடையில் முதலில் காதில் விழுவது மெகாபிக்சல் கணக்கு. இரண்டைவிட நான்கு மேல், நான்கைவிட எட்டு மேல் என்பார்கள். ஒருவர் முகத்தை இன்னார் முகம் என்று கண்டுகொள்ளப் படப்புள்ளிகளின் மொத்த எண்ணிக்கை போதாது. அவர் நிற்குமிடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை புள்ளிகள் விழுகின்றன என்பதையே பார்க்க வேண்டும். ஐஇசி 62676-4 என்னும் பன்னாட்டுத் தரத்தின் 2014 பதிப்பு இதற்கு அளவுகள் வகுத்தது. ஆள் ஒருவர் இருப்பதை அறிய மீட்டருக்கு 25 புள்ளிகள். முன்பே பழகியவரைக் கண்டுகொள்ள 125. முன்பின் அறியாதவரை ஐயமின்றி அடையாளம் காண 250.

இந்த அளவுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சந்தையில் மிகுதியாக விற்கும் 2.8 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள வில்லை ஏறத்தாழ 100 பாகை அகலத்தைக் காணும். பத்து மீட்டர் தொலைவிலுள்ள வாயிலருகே அதன் பார்வை ஏறத்தாழ 24 மீட்டர் விரியும். எட்டு மெகாபிக்சல் கருவியின் 3,840 கிடைப்புள்ளிகளை 24 மீட்டருக்குப் பங்கிட்டால் மீட்டருக்கு 160 மட்டுமே கிடைக்கும். 6 மில்லிமீட்டர் வில்லை காண்பது ஏறத்தாழ 50 பாகை. அதே தொலைவில் அதன் அகலம் 9.3 மீட்டர். அதனோடு வெறும் இரண்டு மெகாபிக்சல் கருவியைச் சேர்த்தாலும் 1,920 புள்ளிகளைப் பங்கிட மீட்டருக்கு 206 கிடைத்துவிடும். விலை குறைந்த கருவி, சரியான வில்லையின் துணையால், விலை மிகுந்ததை வென்றுவிடுகிறது. முற்றம் முழுவதையும் காண அகன்ற வில்லை ஒன்று, வாயிலிலிருந்து வீட்டுக்கு வரும் ஒற்றைப் பாதையைக் காணக் குறுகிய வில்லை ஒன்று என இரண்டு கருவிகள் வைப்பதே நான் பரிந்துரைக்கும் முறை. பாதையைக் காணும் கருவி தரையிலிருந்து இரண்டரை, மூன்று மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். கூரை முகட்டில் ஏற்றினால் தலைப்பாகையும் குல்லாயும்தான் பதிவாகும்.

பகல் வெளிச்சத்தில் எல்லாக் கருவியும் நல்ல கருவியே. இருட்டில்தான் வேறுபாடு வெளிப்படும். உணரியின் ஒவ்வொரு படப்புள்ளியும் தன்மேல் விழும் ஒளித்துகள்களை எண்ணுகிறது. ஒரே அளவுள்ள உணரியில் இரண்டு மெகாபிக்சலுக்குப் பதில் எட்டு மெகாபிக்சலை நெருக்கினால் ஒவ்வொரு புள்ளியின் பரப்பும் நான்கில் ஒன்றாகச் சுருங்கும். அது திரட்டும் ஒளியும் அவ்வாறே சுருங்கும். வில்லையின் திறப்பையும் கவனிக்க வேண்டும். எஃப்1.0 எனக் குறிக்கப்பட்ட வில்லை எஃப்2.0 வில்லையினும் நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். விளம்பரத் தாளின் ஓரத்தில் சிறிய எழுத்தில் அச்சாகும் இந்த எண், அட்டைப்பெட்டியின் முகப்பில் பெரிதாகப் பொறிக்கப்படும் மெகாபிக்சலினும் மலைவீட்டுக்கு மதிப்புள்ளது.

ஒளி குறையும்போது கருவி தன் கண்ணை நெடுநேரம் திறந்து வைத்து ஈடுசெய்யும். நொடிக்கு 25 படம் எடுக்கும் கருவி ஒவ்வொரு படத்துக்கும் நொடியின் 25இல் ஒரு பங்கு வரை ஒளியைத் திரட்டலாம். அசையாத சுவரும் மரமும் அப்போது பளிச்சென்று தெரியும். இயல்பாக நடக்கும் மனிதரோ நொடிக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர் நகர்கிறார்; அந்தச் சிறு பொழுதுக்குள் 5.6 சென்டிமீட்டர் கடந்துவிடுகிறார். மீட்டருக்கு 250 புள்ளி என்னும் சிறந்த அடர்த்தியிலும் அவர் முகம் 14 புள்ளி அகலத்துக்கு இழுபட்டுக் கலங்கிவிடும். கண்ணும் மூக்கும் ஒன்றோடொன்று கரையும். திறந்திருக்கும் நேரத்தை நொடியின் 100இல் ஒரு பங்காகக் குறைத்தால் கலக்கம் மூன்று நான்கு புள்ளிக்குள் அடங்கும். ஆனால் படம் இருளும். அவ்விருளை ஈடுசெய்யத்தான் பெரிய படப்புள்ளியும் அகன்ற திறப்பும் துணைவிளக்கும் வேண்டும். விற்பனையாளர் காட்டும் இரவுப் படங்கள் பெரும்பாலும் அசைவற்ற தெருக்களின் படங்கள். வாங்குமுன் இருட்டறையில் ஒருவரை நடக்கச் சொல்லிப் பதிவெடுத்து, அந்தப் பதிவை நிறுத்தி முகத்தைப் பாருங்கள்.

துணைவிளக்கு என்பது இக்கருவிகளில் அகச்சிவப்பு விளக்கே. 1800ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷல் கதிரவன் ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, சிவப்புக்கு அப்பால் ஒளியே தென்படாத இடத்தில் வெப்பமானியை வைத்தார்; அங்கே வெப்பம் மிகுந்திருக்கக் கண்டார். கண்ணுக்குத் தெரியாத அக்கதிரை, ஏறத்தாழ 1,100 நானோமீட்டர் அலைநீளம் வரை, சிலிக்கான் உணரி காணவல்லது. கருவிகளில் 850 நானோமீட்டர் விளக்கும் 940 நானோமீட்டர் விளக்கும் வழங்குகின்றன. முன்னதன் முகத்தில் மங்கிய செம்மை தெரியும். பின்னது முற்றும் மறைந்திருக்கும். ஆனால் 940இல் சிலிக்கானின் உணர்திறன் குறைவதால் வீச்சும் குறையும். ஆள் இருப்பது போன்ற தோற்றமே ஆளற்ற வீட்டுக்கு ஒரு காவல் என்பதால் 850ஐயே நான் தேர்வேன். பெட்டியில் 30 மீட்டர் வீச்சு என்றிருந்தால் அதைப் பாதியாகக் கொள்வது அறிவுடைமை. தொலைவு இரட்டித்தால் பொருள்மேல் விழும் ஒளி நான்கில் ஒன்றாகும். 30 மீட்டரில் நிற்பவர்மேல் விழுவது மங்கலான எச்சமே.

இனி முகில். நீலகிரிக்கு இதுவே தலையாய இடர். முகில்துளிகள் பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டரிலிருந்து சில பத்து மைக்ரோமீட்டர் வரை விட்டமுள்ளவை. 850 நானோமீட்டர் என்பது 0.85 மைக்ரோமீட்டர், அது துளியினும் சிறிய அலை. ஆகையால் கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் போலவே அகச்சிவப்பும் துளிகளில் பட்டுச் சிதறும். "அகச்சிவப்பு முகிலைத் துளைக்கும்" என்று சொல்லி விற்பவரின் சொல்லில் இந்த அலைநீளத்தைப் பொறுத்தவரை உண்மை இல்லை. விளக்கு வில்லையை ஒட்டியே அமைந்திருந்தால் நிலை இன்னும் மோசமாகும். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் முகிலுக்குள் வண்டியின் முகப்பு விளக்கை உயர்த்தினால் எதிரே வெள்ளைச் சுவர் எழுவதுபோல், அருகிலுள்ள துளிகளிலிருந்து திரும்பும் ஒளி உணரியை நிரப்பிவிடும். விளக்கைக் கருவியிலிருந்து பிரித்து, சில மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் வைத்தால் பெருமளவு பயன் உண்டு. வில்லைக்கு முன்னுள்ள துளிகள்மேல் ஒளி விழாது. பாதைமேல் மட்டும் விழும். இதற்கெனத் தனி அகச்சிவப்பு விளக்குகள் கிடைக்கின்றன. கருவியின் உள்விளக்கை அணைக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். பூச்சியும் சிலந்தியும் உண்டாக்கும் தொல்லையையும் இந்த ஏற்பாடே குறைக்கும். வில்லைக்கு முன் தொங்கும் ஒற்றை நூலிழை, உள்விளக்கின் ஒளியில் படம் முழுதும் குறுக்கே ஓடும் வெண்கோடாகிவிடும்.

அசைவை அறியும் முறையிலும் இரு வகை உண்டு. படத்தின் மாற்றத்தைக் கணிக்கும் மென்பொருள், முகில் நகர்ந்தாலும் கிளை அசைந்தாலும் கூவும். உடல் வெப்பத்தை உணரும் கருவியோ வேறு வழியில் இயங்குகிறது. மனித உடலின் வெப்பநிலையில் உமிழப்படும் கதிர் ஏறத்தாழ 9.4 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் உச்சமடையும்; அக்கதிர் ஒரு பார்வைப் பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்குத் தாவுவதை அது உணர்கிறது. குறுக்கே நடப்பவரை எளிதில் பிடிக்கும். நேராகத் தன்னை நோக்கி வருபவரைத் தாமதமாகவே பிடிக்கும். ஆகவே பாதைக்குப் பக்கவாட்டில் அதைப் பொருத்த வேண்டும். மலையின் குளிர்ந்த இரவில் உடலுக்கும் சூழலுக்கும் வெப்ப வேறுபாடு மிகுதியாதலால் சமவெளியைவிட இங்கு அது நன்றாக வேலை செய்யும். காட்டெருமைக்கும் வெப்பம் உண்டு. அது அறிவிப்பு எழுப்பத்தான் செய்யும். மனிதரையும் விலங்கையும் பிரித்தறியும் மென்பொருளை இரண்டாம் வடிகட்டியாகச் சேர்ப்பது நல்லது. விலங்கு அறிவிப்பை அறவே அடக்கிவிடாதீர்கள். முற்றத்தில் கரடி நிற்பதைக் காலையில் கதவு திறக்க வரும் காவலாளி முன்கூட்டி அறிவது உயிர் காக்கும் செய்தி.

அறிவிப்பு யாருக்குப் போகிறது என்பதும் முக்கியம். நியூயார்க்கில் செவிலியராய் இருந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன், தம் கணவரோடு 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்ற வீட்டுக் காவல் அமைப்பில் படத்தோடு பேச்சும், உதவி அழைக்கும் பொத்தானும் இருந்தன. பார்ப்பதோடு நில்லாமல் யாரையேனும் வரவழைக்க வேண்டும் என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார். சென்னையிலிருந்து குன்னூருக்கு இரவோடு இரவாக எவரும் ஓட முடியாது. அறிவிப்பு உங்கள் கைப்பேசிக்கு மட்டுமின்றி, அருகிலுள்ள அண்டை வீட்டார் ஒருவருக்கும் போக வேண்டும்.

மின்சாரம் அடுத்த பெருங்கவலை. ஒரே கம்பி வழியே மின்சாரமும் தரவும் செல்லும் ஈத்தர்நெட் முறை 100 மீட்டர் வரை உதவும். அதன் அடிப்படை வகை ஒரு கருவிக்கு 15 வாட்டு வரை தரும். வீட்டுக்குள் ஒரு மின்கலம் வைத்தால் எல்லாக் கருவிக்கும் அதுவே போதும். கருவியும் விளக்கும் சேர்ந்து 5 வாட்டு உண்டால் மூன்று நாள் மின்தடைக்கு 360 வாட்டு-மணி தேவை. ஈயமின்கலத்தைப் பாதிக்குமேல் வடிய விடலாகாது; எனவே 12 வோல்ட்டில் 60 ஆம்பியர்-மணியுள்ள மின்கலம் வேண்டும். சூரியத் தகடு பொருத்திய கம்பியில்லாக் கருவிகள் சமவெளியில் நன்று. கதிரவனே காணாத ஆடி மாத நாள்களில் அவற்றை நம்ப முடியாது. உறைநிலைக்குக் கீழே லித்தியம் மின்கலத்தில் மின்னேற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாய்ப் படிந்து கலம் கெடும் என்பதும் உதகையின் உறைபனிப் பகுதியில் கருதத்தக்கது. வாயில்வரை நீளும் செப்புக்கம்பி மின்னல் அதிர்வை வீட்டுக்குள் கொண்டுவரும்; அந்தத் தொலைவுக்கு ஒளியிழை வடமே தக்கது.

கருவியின் வெளிக்கூட்டைப் பற்றிச் சில சொற்கள் போதும். ஐபி66 குறியீடு தூசையும் நீர்ப்பீச்சையும் தடுப்பதைச் சொல்கிறது. உள்ளே ஈரம் குளிர்ந்து படிவதை அது சொல்வதில்லை. பொருத்தும்போது மழைநாளைத் தவிர்க்க வேண்டும். ஈரமுறிஞ்சும் பொட்டலத்தை மாற்ற வேண்டும். கம்பி இணைப்புகளைப் பெட்டிக்குள் அடைக்க வேண்டும்.

பதிவு எங்கே தங்கும்? நொடிக்கு 4 மெகாபிட்டு ஓட்டம் நாளொன்றுக்கு 43 கிகாபைட்டு ஆகும். 256 கிகாபைட்டு நினைவட்டை ஆறு நாளில் நிரம்பித் தன்மேலேயே எழுதத் தொடங்கும். கருவியைப் பறித்தவர் அட்டையையும் கொண்டுபோவார். வீட்டுக்குள் மறைவான இடத்தில் இரண்டு டெராபைட்டு வட்டு ஒன்று ஒரு கருவிக்கு ஒன்றரை மாதம் தாங்கும். அசைவு நேர்ந்த கணத்தின் படம் மட்டும் கைப்பேசி வலையமைப்பு வழியே உடனே வெளியேறினால் போதும். முழுப் பதிவையும் அனுப்பும் வலிமை மலைச்சரிவில் கிடைக்கும் இணைப்புக்குப் பல இடங்களில் இல்லை.

வலையமைப்போடு இணைந்த கருவிக்கு வேறோர் இடரும் உண்டு. 2016இல் மிராய் என்னும் தீநிரல், ஆலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விடப்பட்ட கேமராக்களையும் பதிவுப்பெட்டிகளையும் பேரளவில் கைப்பற்றியது; அவற்றைக் கொண்டு அவ்வாண்டு அக்டோபரில் பெரும் இணையத்தளங்கள் பலவற்றை முடக்கியது. ஆளற்ற வீட்டில் அத்தகைய களவு மாதக்கணக்கில் தெரியாமலே நடக்கும். இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி விற்பனைக்கு வரும் கண்காணிப்புக் கருவிகள் பாதுகாப்புச் சோதனைக்கு உட்பட வேண்டும். அச்சான்று உள்ளதா, மென்பொருள் திருத்தங்கள் எத்தனை ஆண்டு வழங்கப்படும் என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

கருவியின் கண் அண்டை வீட்டுச் சாளரத்தையும் பொதுவழியையும் நோக்கலாகாது. செக் நாட்டு வீட்டுக்காரர் ஒருவரின் கருவி தெருவையும் படம்பிடித்தபோது, அதை வெறும் சொந்த வீட்டுப் பயன் எனக் கொள்ள முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. படத்தின் குறிப்பிட்ட பகுதியை மறைக்கும் வசதி இன்று பல கருவிகளில் உண்டு. தோட்டத் தொழிலாளர் நாள்தோறும் நடக்கும் வழி தெரிந்தால் அதை மறைத்துவிடுவது நம் கடமை.

களவு நேர்ந்துவிட்டால் பதிவு நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். 2024 சூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்னும் சான்றுச் சட்டத்தின் 63ஆம் பிரிவு மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் கேட்கிறது. பதிவெடுத்த கருவியின் விவரமும், கோப்பு மாற்றப்படாததைக் காட்டும் ஹாஷ் மதிப்பும் அதில் இடம்பெற வேண்டும். கருவியின் கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும். இணையம் இன்றி ஓடும் மலிவான கடிகாரம் மாதத்துக்கு ஒரு நிமிடம் வரை பிசகலாம். வாங்கிய சீட்டையும் கருவியின் வரிசை எண்ணையும் நகரத்து வீட்டில் வைத்திருங்கள். ஒவ்வொரு முறை மலையேறும்போதும் கடிகாரத்தைச் சரிபார்த்து, பிசகு இருந்தால் நாளோடு குறித்து வையுங்கள்.