கேபிள் அறுந்தாலும் அழியாத முகவரி

ஒரு கணினிக்கு ஓர் ஐபி முகவரி என்றுதான் பலரும் நினைத்திருக்கிறோம். உண்மையில், ஒரு கருவி வலையமைப்போடு சேரும் வாசல் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி தரப்படுகிறது. இந்த வாசலுக்கு ‘இன்டர்ஃபேஸ்’ என்று பெயர். உங்கள் கைப்பேசியில் வைஃபை ஒரு வாசல். சிம் அட்டைவழிச் செல்லும் இணையம் இன்னொரு வாசல். தரவுகளுக்கு வழிகாட்டும் ரூட்டரில் ஆறு கேபிள்கள் செருகியிருந்தால் பொதுவாக ஆறு முகவரிகள் இருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு ஆகிய மூன்று ஊர்களிலும் ஒவ்வொரு ரூட்டர் இருப்பதாகவும், மூன்றும் முக்கோணமாகக் கேபிளால் இணைந்திருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஈப்போ ரூட்டரில் கோலாலம்பூர்ப் பக்க வாசலின் முகவரி 10.1.12.2. பினாங்குப் பக்க வாசலின் முகவரி 10.1.23.1. இரண்டுக்கும் சப்நெட் மாஸ்க் 255.255.255.252. இந்த மாஸ்க் நான்கே எண்களைத் தரும். முதலும் கடைசியும் வேறு வேலைக்குப் போக, மீதி இரண்டு கேபிளின் இரு முனைகளுக்கும் சரியாகப் போதும்.

கோலாலம்பூரில் இருக்கும் பொறியாளர் தினமும் 10.1.12.2 என்ற முகவரி வழியாகத்தான் ஈப்போ ரூட்டரைக் கண்காணிக்கிறார். ஒருநாள் இரவு, சாலை தோண்டும் இயந்திரம் அந்தக் கேபிளை அறுத்துவிடுகிறது. வாசல் மூடியதும், அந்த முகவரிக்குப் போகும் வழியும் மற்ற ரூட்டர்களின் வழிப்பட்டியலிலிருந்து நீங்கிவிடும். ஈப்போ ரூட்டர் உயிரோடுதான் இருக்கிறது. பினாங்கு வழியாகச் சுற்றிப் போனால் அதை எட்டலாம். ஆனால், கண்காணிப்புத் திரையோ ‘பதில் இல்லை’ என்று சிவப்பு காட்டும். நன்றாக இருக்கும் ரூட்டரைப் பார்க்க, யாராவது நள்ளிரவில் 200 கிலோமீட்டர் காரோட்ட நேரலாம்.

இதற்குத் தீர்வுதான் ‘லூப்பேக்’ இன்டர்ஃபேஸ். இது மென்பொருளில் மட்டுமே உள்ள வாசல். செருகும் துளை கிடையாது, அறுந்துபோகக் கேபிளும் கிடையாது. சிஸ்கோ ரூட்டரில் ‘இன்டர்ஃபேஸ் லூப்பேக் 0’ என்று ஒரு கட்டளை, ‘ஐபி அட்ரஸ் 10.255.0.2 255.255.255.255’ என்று அடுத்த கட்டளை. அவ்வளவுதான். மாஸ்க்கில் எல்லாமே 255 என்றால் ‘இந்த ஒரே முகவரி மட்டும்’ என்று பொருள். சிஸ்கோ ரூட்டர்களில் உண்மையான வாசல்கள் தொடக்கத்தில் மூடியே இருக்கும். ‘நோ ஷட்டவுன்’ என்று சொன்னால்தான் திறக்கும். புதிதாகப் பழகுவோர் அடிக்கடி மறப்பது இதைத்தான்! லூப்பேக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. உருவாக்கியவுடன் திறந்துகொள்ளும்.

ஆனால் முகவரி கொடுத்தால் மட்டும் போதாது. புது வீட்டு எண்ணைத் தபால்காரரிடம் சொல்லாவிட்டால் கடிதம் எப்படி வரும்? ரூட்டர்கள் தங்களுக்குள் வழிகளைப் பரிமாறிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் போன்ற நெறிமுறையில் லூப்பேக் முகவரியையும் சேர்க்க வேண்டும். அந்த நெறிமுறைக்கும் இதனால் ஒரு பயன் உண்டு. அதில் ஒவ்வொரு ரூட்டருக்கும் ஓர் அடையாள எண் தேவை. நாமாகக் குறிப்பிடாவிட்டால், சிஸ்கோ ரூட்டர் முதலில் லூப்பேக் முகவரியைத்தான் எடுத்துக்கொள்ளும்.

உங்கள் கணினியில் உள்ள 127.0.0.1 என்ற முகவரிக்கும் லூப்பேக் என்றுதான் பெயர். ஆனால் அது கணினி தன்னோடு தானே பேசிக்கொள்வதற்கு. வெளியாட்கள் அதை எட்ட முடியாது. ரூட்டரின் லூப்பேக் முகவரியோ மற்றவர்கள் எட்டுவதற்காகவே கொடுக்கப்படுகிறது. 127 என்று தொடங்கும் 16,777,216 முகவரிகளையும் இந்தச் சுயபேச்சுக்கே ஒதுக்கிவிட்டார்கள். இன்று ஐபிவி4 முகவரிகளுக்கு உள்ள தட்டுப்பாட்டைப் பார்த்தால், இது ஊதாரித்தனமாகத்தான் தோன்றுகிறது. ஐபிவி6-இல் இதற்கு ஒரே ஒரு முகவரிதான்.

மாணவர்களே, சிஸ்கோவின் ‘பேக்கட் டிரேசர்’ என்ற இலவசப் பயிற்சி மென்பொருளில் இந்த முக்கோணத்தை அமைத்துப் பாருங்கள். மூன்று ரூட்டர்களிலும் ஓஎஸ்பிஎஃப் இயங்கட்டும். கோலாலம்பூர் ரூட்டரிலிருந்து ஈப்போவின் 10.1.12.2, 10.255.0.2 இரண்டுக்கும் ‘பிங்’ அனுப்புங்கள். இரண்டும் பதில் தரும். பிறகு கோலாலம்பூர்-ஈப்போ கேபிளை நீக்கிவிட்டு, மீண்டும் அனுப்புங்கள். முதல் முகவரியிலிருந்து பதில் வராது. இரண்டாவது முகவரி சில விநாடிகள் தடுமாறினாலும், பினாங்கைச் சுற்றிக்கொண்டு மறுபடி பதில் சொல்லும்.