28 வருடம் தூங்கிய இசைத்தட்டு! 70 வயது கச்சேரிக்காரரை தேடி வந்த வெளிநாட்டு ரசிகர்கள்

செஞ்சி,

ஆடி மாதம் பிறந்துவிட்டால் செஞ்சி வட்டாரத்தில் கூழ் ஊற்றுவதும் மைக்செட் சத்தமும்தான். ராத்திரி இன்னிசை கச்சேரி மேடையில் பாடுகிறவர் பெயரை மைக்கில் பத்து தடவை சொல்வார்கள். ஓரமாக நின்று விடிய விடிய கீ-போர்டு வாசிப்பவர் பெயர் யாருக்கும் தெரியாது. கச்சேரி முடிந்ததும் வயரைச் சுருட்டி வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

அப்படி ஓரமாக நின்று வாசித்த ஒருவர், யாருமே வாங்காத ஒரு இசைத்தட்டு போட்டார். 28 வருடம் கழித்து அதே இசைத்தட்டு அவரை வெளிநாட்டு மேடைகளுக்கு கூட்டிக்கொண்டு போனது. சினிமா கதை மாதிரி இருந்தாலும் இது நிஜம். இது பற்றிய விவரம் வருமாறு:-

கல்யாண வீட்டு கச்சேரி

அவர் பெயர் சரண்ஜித் சிங். 1940-ம் ஆண்டு பிறந்தவர். மும்பையில் இந்தி சினிமா பாட்டுகளுக்கு வாசிக்கும் இசைக்கலைஞர். சங்கர்-ஜெய்கிஷன், எஸ்.டி.பர்மன், ஆர்.டி.பர்மன், லட்சுமிகாந்த்-பியாரிலால் என்று பெரிய பெரிய இசையமைப்பாளர்களிடம் கிதார், கீ-போர்டு வாசித்தவர். சினிமா வேலை இல்லாத நாளில் சொந்தக் குழுவோடு கல்யாண வீடுகளில் கச்சேரி. அதுதான் பிழைப்பு.

புதுசாக என்ன வாத்தியக் கருவி வந்தாலும் வாங்கிப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1980-களின் தொடக்கத்தில் சிங்கப்பூர் போனவர், ஜப்பான் நாட்டு ரோலண்ட் கம்பெனியின் 3 கருவிகளை வாங்கி வந்தார். ஒன்று ஜூபிடர்-8 என்ற கீ-போர்டு. இன்னொன்று டி.ஆர்-808 என்ற தாள மெஷின். மூன்றாவது டி.பி-303 என்ற சின்னப் பெட்டி. தனியாக கிதார் பழகுகிறவர்களுக்கு பக்கத்தில் பேஸ் கிதார் வாசித்துக் காட்டுவதற்காக செய்யப்பட்ட பெட்டி அது.

டிஸ்கோவில் மோகனம்

அப்போது நாடு முழுக்க டிஸ்கோ காய்ச்சல். 1982-ல் வந்த 'டிஸ்கோ டான்சர்' இந்திப் படம் சக்கைப்போடு போட்டது. தமிழில் அது 1985-ல் ஆனந்த்பாபு நடிக்க 'பாடும் வானம்பாடி'யாக வந்தது.

எல்லோரும் டிஸ்கோவில் பாட்டு போட, சரண்ஜித் சிங் வேறு மாதிரி யோசித்தார். டிஸ்கோ தாளத்தை மெஷினில் ஓடவிட்டு, அதன் மேல் சுத்தமான ராகம் வாசித்தால் என்ன? 1982-ல் இரண்டே நாளில் 10 ராகங்களை பதிவு செய்தார். எச்.எம்.வி. வெளியிட்டது. 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்பது பெயர். டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள் என்று அர்த்தம்.

ராகங்களின் பெயர் வடக்கத்தி பெயராக இருந்தாலும் நமக்குத் தெரியாதவை அல்ல. அங்கே பூபாளி என்றால் இங்கே மோகனம். மால்கவுன்ஸ் என்றால் இந்தோளம். யமன் என்பது நம்ம கல்யாணி. கோவில் வாசலில் நாதஸ்வரத்தில் கேட்கிற அதே ராகங்கள்தான்.

மெஷின் எப்படி ராகம் வாசிக்கும்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. நாதஸ்வரக்காரர் ஒரு ஸ்வரத்தில் இருந்து அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிக்கொண்டு போவார். அந்த அசைவு இல்லாவிட்டால் ராகம் உயிரில்லாமல் இருக்கும். சாதாரண கீ-போர்டில் கட்டைகள் படிக்கட்டு மாதிரி தனித்தனி. ஒன்றில் இருந்து ஒன்றுக்கு தாவத்தான் முடியும், வழுக்க முடியாது.

டி.பி-303 பெட்டியிலோ ஸ்வரத்தை வழுக்க வைக்கும் வசதி இருந்தது. திருகுகளை திருகினால் வாசித்துக்கொண்டு இருக்கும்போதே சத்தம் மூக்கடைத்த மாதிரியும் கூர்மையாகவும் மாறிக்கொண்டே வரும். எந்த ஸ்வரம் எந்த வரிசையில் வரவேண்டும் என்று முதலிலேயே அதில் பதிந்துவிட வேண்டும். எந்த இடத்தில் வழுக்கவேண்டும் என்பதை மெஷின் சொல்லாது. அதற்கு ராகம் தெரிந்த ஆள் வேண்டும்.

ஆனால் இசைத்தட்டு விற்கவில்லை. பாடகர் இல்லை, படம் இல்லை, வெறும் மெஷின் சத்தம். சரண்ஜித் சிங் பழையபடி கல்யாண கச்சேரிக்கு போய்விட்டார். டி.பி-303 பெட்டியும் உலக அளவில் விலை போகாமல் 1984-ல் தயாரிப்பு நிறுத்தப்பட்டது.

'ஏமாத்து வேலை' என்ற ரசிகர்கள்

கடையில் தூங்கிய அந்தப் பெட்டியை அமெரிக்காவின் சிகாகோ நகர இளைஞர்கள் மலிவு விலைக்கு வாங்கி நோண்டினார்கள். அதில் இருந்து 'ஆசிட் ஹவுஸ்' என்ற புதுவகை ஆட்ட இசை பிறந்தது. அதன் முதல் பாட்டு என்று சொல்லப்படும் 'ஆசிட் டிராக்ஸ்' 1987-ல்தான் வெளிவந்தது.

2002-ம் ஆண்டு நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த எடோ போமன் என்ற இசைத்தட்டு சேகரிப்பாளர், டெல்லி கடை ஒன்றில் சரண்ஜித் சிங்கின் தட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தார். ஆள் அசந்துபோனார். ஆசிட் ஹவுஸ் மாதிரியே இருக்கிறது, ஆனால் வருஷம் 1982 என்று போட்டிருக்கிறதே! உறையில் இருந்த பெயரை வைத்து மும்பையில் ஆளைத் தேடிப்பிடித்தார். 2010-ல் தன்னுடைய 'பாம்பே கனெக்‌ஷன்' நிறுவனம் மூலம் அதை மறுபடி வெளியிட்டார்.

ரசிகர்கள் முதலில் நம்பவில்லை. 'இங்கிலாந்துக்காரர் யாரோ இப்போது வாசித்துவிட்டு பழைய இந்திய தட்டு என்று கதை விடுகிறார்கள்' என்றே பலர் நினைத்தார்கள். ஏபெக்ஸ் ட்வின் என்ற பிரபல இசைக்கலைஞரின் குறும்பு இது என்று கூட பேச்சு அடிபட்டது. இவர் நிஜமான ஆள், மும்பையில் இருக்கிறார் என்று தெரிந்ததும் பேச்சு அப்படியே மாறியது. 'ஆசிட் ஹவுசை கண்டுபிடித்ததே இந்தியர்தான்' என்று கொண்டாடத் தொடங்கினார்கள்.

அதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சிகாகோ இளைஞர்கள் இவர் தட்டைக் கேட்டு காப்பி அடித்ததாக எந்த ஆதாரமும் இல்லை. இவருக்கும் ஆசிட் ஹவுஸ் என்றால் என்னவென்று தெரியாது. ஒரே பெட்டி, இரண்டு ஊர். இவர் கையில் அது ராகம் பாடியது, அவர்கள் கையில் ஆட்டம் போட்டது. இவர் 5 வருடம் முந்திக்கொண்டார், அவ்வளவுதான். அதனால் இவர் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது.

72 வயதில் மேடை

2012-ல் இருந்து ஐரோப்பிய மேடைகளில் அந்த 10 ராகங்களை சரண்ஜித் சிங் மறுபடி வாசித்தார். அப்போது வயது 72. எதிரே நின்று ஆடியவர்களில் பலர், அந்த தட்டு வந்தபோது பிறந்தே இருக்கமாட்டார்கள்.

பழைய குழுக்கள் திரும்பி வருவது வெளிநாட்டில் புதிது இல்லை. சுவீடன் நாட்டு 'அப்பா' குழு 40 வருடம் கழித்து 2021-ல் 'வாயேஜ்' என்ற புது ஆல்பம் போட்டது. இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது. ஆனால் அவர்கள் ஏற்கனவே உலகப் புகழ் பெற்றவர்கள். சரண்ஜித் சிங்குக்கு திரும்பி வர பழைய புகழ் என்று எதுவும் இல்லை. முதல் கைதட்டலே 70 வயதுக்கு மேல்தான்.

அந்த சந்தோஷமும் நீண்ட நாள் நிலைக்கவில்லை. 2015-ம் ஆண்டு மே மாதம் அவருடைய மனைவி இறந்தார். அடுத்த ஜூலை மாதமே மும்பை வீட்டில் சரண்ஜித் சிங்கும் காலமானார்.

அந்த கொடுப்பினை கூட இல்லாதவர்கள் உண்டு. 1995-ல் வந்த 'அசுரன்' படத்தின் 'சக்கு சக்கு வத்திக்குச்சி' பாட்டு, 2022-ல் கமல்ஹாசனின் 'விக்ரம்' படத்தால் மறுபடி பட்டிதொட்டி எல்லாம் ஒலித்தது. இசையமைத்த ஆதித்யன் 2017-லேயே இறந்துபோனார். 'இது யார் மியூசிக்?' என்று சின்னப்பசங்க கேட்டபோது பதில் சொல்ல அவர் இல்லை.

நம்ம ஊர் கோட்டை மாதிரி

செஞ்சிக்கோட்டையை 2025-ம் ஆண்டு ஜூலை மாதம் யுனெஸ்கோ உலக பாரம்பரிய சின்னமாக அறிவித்தது. மராட்டிய ராணுவ கோட்டைகள் 12-ல் தமிழ்நாட்டில் இருந்து இது ஒன்றுதான். ராஜகிரி மலையும் கிருஷ்ணகிரி மலையும் அதற்கு முன்பும் அங்கேயேதான் இருந்தன. மாடு மேய்க்கப் போனவர்களுக்குத் தெரியும், கமலக்கன்னியம்மன் கோவிலுக்கு படி ஏறியவர்களுக்குத் தெரியும். உலகத்துக்குத்தான் இப்போது தெரிந்தது.

கோட்டை கல்லில் இருக்கிறது, அதனால் காத்திருந்தது. கச்சேரி காற்றோடு போய்விடும். சரண்ஜித் சிங்கை கண்டுபிடிக்க முடிந்ததற்கு ஒரே காரணம், தட்டின் உறையில் அவர் பெயர் அச்சடிக்கப்பட்டு இருந்ததுதான்.

அடுத்த திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்கும்போது, உபயதாரர் பெயர்களுக்கு கீழே ஒரு வரி ஒதுக்கினால் போதும். கீ-போர்டு இன்னார், தபேலா இன்னார், டிரம்ஸ் இன்னார் என்று போடலாம். செல்போனில் கச்சேரியை எடுத்து போடுகிற தம்பிகளும் அந்த பெயர்களை சேர்த்து எழுதலாம். இதற்கு பைசா செலவு இல்லை.