மாணவர் போடும் மதிப்பெண்

வெளிநாட்டு மாணவர்களின் திருப்திக்காக ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் போட்டி போடுகின்றன. ஆனால் அதிருப்தி பிறப்பது பெரும்பாலும் வளாகத்துக்கு வெளியே.

ஆஸ்திரேலியாவில் பரீட்சை எழுதுவது மாணவர்கள் மட்டுமல்ல, பல்கலைக்கழகங்களும்தான். அரசு ஆண்டுதோறும் நடத்தும் மாணவர் அனுபவக் கணக்கெடுப்பில் கற்பித்தல், நூலகம், ஆய்வுக்கூடம், மாணவர் உதவி என்று ஒவ்வொன்றுக்கும் மாணவர்களே மதிப்பெண் போடுகிறார்கள். முடிவுகள் பல்கலைக்கழக வாரியாக வெளியாகின்றன. முன்னணியில் வந்தவை அதை விளம்பரத்தில் போட்டுக்கொள்கின்றன.

காரணம் பணம். 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் உதவித்தொகை கொடுத்து ஆசிய மாணவர்களை அழைத்த நாடு அது. 1985-ல் கொள்கை மாறியது. முழுக் கட்டணம் செலுத்தும் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி கிடைத்தது. விருந்தாளி வாடிக்கையாளரானார்.

அந்த வாடிக்கையாளரின் கோபம் 2009-ல் தெருவுக்கு வந்தது. இந்திய மாணவர்கள் மீதான தாக்குதல்களைக் கண்டித்து மே 31 அன்று மெல்போர்னில் ஆயிரக்கணக்கானோர் பேரணி நடத்தி, ஃபிளிண்டர்ஸ் தெரு ரயில் நிலையம் அருகே மறியலில் உட்கார்ந்தார்கள். அதே காலகட்டத்தில் தனியார் தொழிற்கல்லூரிகள் சில அடுத்தடுத்து மூடப்பட்டன. சமையலோ சிகையலங்காரமோ படித்தால் அங்கேயே நிரந்தரமாகத் தங்கிவிடலாம் என்று நம்பி வந்தவர்கள் தவித்தார்கள். 2010-ல் அந்தத் தொழில்களே குடியேற்றப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. இந்திய மாணவர்களின் வரத்து சரிந்தது.

அரசு விழித்துக்கொண்டது. கல்லூரி மூடப்பட்டால் வேறிடத்தில் சேர்க்கை அல்லது செலவாகாத கட்டணம் வாபஸ் என்ற பாதுகாப்பு 2012-ல் வந்தது. ஆனால் மாணவரின் அன்றாடத்தை நிர்ணயிக்கும் விஷயங்கள் பல்கலைக்கழகத்தின் கையில் இல்லை. படிப்பு நடக்கும் நாட்களில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று 2023-ல் விதித்தது அரசு. 710 டாலராக இருந்த விசா கட்டணம் 2024 ஜூலையில் 1,600 ஆகவும், அடுத்த ஆண்டு 2,000 ஆகவும் உயர்ந்தது. வீட்டு வாடகையைச் சந்தை தீர்மானிக்கிறது.

போட்டி நாடுகளும் சளைத்தவை அல்ல. 2024 ஜனவரியில் கனடா மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு விதித்தது. அதே மாதம் பிரிட்டன், ஆராய்ச்சிப் படிப்பு போன்ற சில விலக்குகள் தவிர, மாணவர்கள் குடும்பத்தை அழைத்துவருவதைத் தடுத்தது. பல்கலைக்கழகங்கள் வலை வீசும்போதே அரசுகள் கதவை இழுத்துச் சாத்துகின்றன.

ஜவுளிக்கடை பிடிக்காவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போகலாம். நிலத்தையோ வீட்டையோ அடமானம் வைத்துப் போன மாணவர் அப்படி நகர முடியாது. இடையில் திரும்பினால் பட்டம் இல்லை, கடன் மட்டும் மிஞ்சும். கஷ்டத்தை வீட்டுக்குச் சொல்லவும் தயங்குவார். அவர் பேசாமல் இருப்பதைத் திருப்தி என்று எடுத்துக்கொள்வதற்கில்லை.

எனவே அனுப்பும் குடும்பம் தரவரிசையோடு நின்றுவிடக் கூடாது. அந்த ஊரில் அறை வாடகை என்ன, பகுதிநேர வேலை கிடைக்காவிட்டால் செலவுக்கு வழி என்ன, பரிந்துரைக்கும் ஏஜெண்டுக்குக் கமிஷன் தருவது யார் என்று பணம் கட்டும் முன்பே கேட்க வேண்டும். பெரும்பாலும் அந்தக் கமிஷனைத் தருவது, அவர் சிபாரிசு செய்யும் கல்வி நிறுவனமேதான்.