பற்சக்கரம் செய்த மாற்றம்

பயணிகள் விமானச் சந்தையில் அதிகம் விற்பவை, இருக்கை வரிசைகளுக்கு நடுவே ஒரே நடைவழி உள்ள விமானங்கள்தான். 1967இல் முதன்முதலில் பறந்த போயிங் 737, 1987இல் பறந்த ஏர்பஸ் ஏ320 ஆகிய இரண்டு குடும்பங்களும் இந்தச் சந்தையை நெடுங்காலமாக ஆள்கின்றன. இரண்டு நிறுவனங்களும் பழைய வடிவமைப்பிலேயே புதிய எஞ்சினைப் பொருத்தி மேம்படுத்திவந்தன. கனடாவின் பம்பார்டியர் நிறுவனமோ, 100 முதல் 150 பேர்வரை ஏற்றும் ‘சி சீரிஸ்’ விமானத்தை முற்றிலும் புதிதாக வடிவமைக்கப்போவதாக 2008 ஜூலையில் அறிவித்தது.

அந்தத் துணிவுக்கு அடிப்படை, பிராட் அண்ட் விட்னியின் புதுவகை எஞ்சின். ஜெட் எஞ்சினின் உந்துவிசையில் பெரும்பங்கை முன்னால் உள்ள விசிறியே தருகிறது. விசிறியைப் பெரிதாக்கி, நிறையக் காற்றை நிதானமாகப் பின்னே தள்ளினால் எரிபொருள் மிச்சமாகும், இரைச்சலும் குறையும். ஆனால் பெரிய விசிறி அதிவேகமாகச் சுழன்றால் அதன் அலகுகளின் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும். ஆற்றல் இழப்பு கூடும். விசிறியைச் சுழற்றும் டர்பைனுக்கோ வேகம்தான் தேவை. வழக்கமான எஞ்சினில் இரண்டும் ஒரே தண்டில் இணைந்திருப்பதால், இரண்டுக்கும் உகந்த வேகம் கிடைப்பதில்லை. புதிய எஞ்சினில் இரண்டுக்கும் இடையே ஒரு பற்சக்கரத் தொகுதி வந்தது. டர்பைன் ஏறத்தாழ மூன்று முறை சுழன்றால் விசிறி ஒரு முறை சுழலும். எஞ்சினின் மையத்துக்குள் புகும் காற்றைப் போலச் சுமார் 12 மடங்கு காற்றை அது வெளிவழியே தள்ளுகிறது.

உடற்பகுதிக்கு அலுமினியம்-லித்தியம் கலவையைப் பயன்படுத்தி எடையைக் குறைத்தார்கள். இறக்கை பெல்ஃபாஸ்ட்டில் உருவானது. உலர்ந்த கார்பன் இழைத் துணிகளை அச்சில் அடுக்கி, பிசினைச் செலுத்தி, வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகவைக்கும் முறை அது.

மாண்ட்ரியாலுக்கு அருகே மிராபெலில் 2013 செப்டம்பர் 16 அன்று விமானம் முதன்முதலில் பறந்தது. 2014 மே மாதத் தரைச் சோதனையில் எஞ்சின் ஒன்று பழுதாகி, சோதனைப் பறப்புகள் செப்டம்பர்வரை நின்றன. 2016 ஜூலையில்தான் ஸ்விஸ் விமான நிறுவனத்தின் பயணிகள் சேவைக்கு வந்தது. அதே அளவுள்ள பழைய விமானங்களைவிட எரிபொருள் தேவை சுமார் 20% குறைந்தது.

தாமதத்தின் விலை பெரிது. செலவு 500 கோடி டாலரைத் தாண்டியது. 2015இல் கியூபெக் மாகாண அரசு 100 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு தாங்கிப் பிடித்தது. போயிங்கின் புகாரால் 2017இல் அமெரிக்க வணிகத் துறை இந்த விமானத்தின் இறக்குமதிக்கு ஏறத்தாழ 300% வரி விதிக்க முன்வந்தது. 2018 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் அந்த வரியை ஒருமனதாக நிராகரித்தது. ஆனால் அதற்கு முன்பே, திட்டத்தின் பெரும்பான்மைப் பங்கைப் பணம் ஏதும் வாங்காமல் ஏர்பஸ்ஸுக்குக் கொடுக்க பம்பார்டியர் ஒப்புக்கொண்டிருந்தது. 2018 ஜூலையில் விமானத்தின் பெயர் ஏ220 ஆனது. 2020 பிப்ரவரியில் பம்பார்டியர் திட்டத்திலிருந்து முழுவதுமாக வெளியேறியது.

சி சீரிஸின் பொறியியல் தோற்கவில்லை. ஏ220 இன்றும் தயாரிப்பில் இருப்பதே அதற்குச் சான்று. சொந்தமாகப் பயணிகள் விமானம் செய்ய நினைக்கும் எந்த நாடும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்: திறமையான பொறியாளர்கள் மட்டும் போதாது, தாமதத்தையும் வணிகப் போட்டியையும் பல ஆண்டுகள் தாங்கும் முதலீடும் முதல் நாளிலேயே திட்டத்தில் இடம்பெற வேண்டும்.